கடன்காரனின் அம்மாவுக்கு

மரீபா,
மே 11

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் ரெனே வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகனும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன முறை அனுப்பிய தைலத்தை நாத்தனார் லிதியா தினமும் தேய்த்துவிடுகிறாளா, அல்லது பாட்டிலைத் திறக்கவே இல்லையா? லிதியா, இந்தக் கடிதத்தை நீதான் அத்தைக்கு வாசித்துச் சொல்லுவாய் என்று தெரியும். இந்த வரியை விழுங்கிவிடாதே.

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. கையெழுத்து லிதியாவுடையது, கோபம் உங்களுடையது. "என் மகனைக் கடன்காரனாக்கினது யாரு?" என்று கேட்டிருந்தீர்கள். சுற்றி வளைக்கவில்லை அத்தை. நான்தான்.

படகு எஞ்சினுக்குக் கடன் வாங்கிவிட்டுச் சுவாவுக்கு ஓடிப்போன உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இன்றுவரை ஊர் திரும்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே கதை தலைகீழாக இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

கொலினிடம்தான் உங்கள் மகன் வேலி போடும் வேலை பார்க்கிறார். கொலினுக்கும் உங்களைப் போலவே முழங்கால் போய்விட்டது. லாரியையும் கம்பம் அடிக்கும் யந்திரத்தையும் விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய் மீன் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறாராம். "செவ், இது உன் கைக்குத்தான் வரணும் தம்பி. உன்ன மாதிரி கம்பம் நிறுத்துறவன நான் பாத்ததில்ல. வருஷக் கடைசி வரைக்கும் வேற எவனுக்கும் தர மாட்டேன்" என்றார். அன்று உங்கள் மகன் இரண்டு முறை சாப்பிட்டார். சந்தோஷம் வந்தால் அவருக்குப் பசிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

சரி என்று பேங்க்குக்குப் போனோம். வெறுங்கையோடு போய் ஒருவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்று நீங்கள் வளர்த்த பிள்ளையாயிற்றே. கரைத்துக் குடிக்க நீங்கள் அனுப்பியிருந்த யங்கோனா வேர்க்கட்டை, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். கடன் பிரிவில் இருக்கும் ஷரோன் என்ற அம்மாளின் மேஜைமேல் அதை இரண்டு கையாலும் வைத்து, தலையைக் குனிந்து, உங்கள் ஊர்ப் பாஷையில் முறையாகப் பேசத் தொடங்கிவிட்டார். ஷரோன் முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயோ, மொதல்ல இத எடுத்துடுங்க! மேல கேமரா இருக்கு. லஞ்சம் வாங்கினேன்னு எழுதிடுவாங்க" என்றார். வீடு வரும்வரை உங்கள் மகன் "லஞ்சமாம்!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வேரைத் திரும்ப எடுத்துக்கொண்டபின் ஷரோன் அவர் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையே" என்றார். "கெட்டது ஒண்ணும் இல்லன்னா நல்லதுதானே?" என்றார் இவர். "கெட்டதும் இல்ல, நல்லதும் இல்ல. நீங்க இந்த நாட்டுல இருக்கிறதே இதுக்குத் தெரியல" என்றார் ஷரோன். உங்கள் மகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க ஊருக்குப் போன் போட்டுக் கேளுங்க. தலைவர் சொல்லுவாரு, பாதிரியார் சொல்லுவாரு. எங்க தாத்தா யாருன்னு கண்டாவுத் தீவு முழுக்கத் தெரியும்" என்றார்.

விஷயம் இதுதான். கடல் தாண்டி இங்கே வந்து மூன்று வருடமாக ஒருவரிடமும் ஒரு காசு கடன் வாங்காமல் உழைத்திருக்கிறார். அதுதான் வினையாகிவிட்டது. முன்னால் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினானா என்று பார்த்துத்தான் இங்கே ஒருவனை நம்புகிறார்கள். வாங்கவே வாங்காதவனைப் பற்றிப் பார்க்க ஒன்றுமில்லை. முட்டாள்தனமான ஏற்பாடுதான். நான் பிறந்து வளர்ந்த ஊரின் ஏற்பாடு என்பதால் அதைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு.

என் பெயரில் கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பார்கள். அப்படியே வாங்கலாம் என்றுதான் அவரும் நினைத்தார், என் அண்ணன் டேரன் வாயைத் திறக்கும்வரை. ஞாயிறு விருந்தில் எல்லோர் முன்னாலும், "அதுக்கென்ன, ரெனே லாரிய வாங்கட்டும், மாப்ள டிரைவரா இருந்துட்டுப் போறாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் மகனும் சிரித்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. அந்த லாரி அவர் பெயரில் வர வேண்டும், அத்தை. என் பெயரில் வந்தால் எனக்கு அது வேண்டாம். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அதற்குத்தான் அவர் பெயரில் சின்னதாக ஒரு கடன் கார்டு வாங்கினோம். அதில் டீசலும் மளிகையும் வாங்குவது, மாதா மாதம் கெடுவுக்குள் மொத்தத்தையும் கட்டிவிடுவது, அவ்வளவுதான். முதல் நாள் ஒரு ரொட்டி வாங்கினார். வாங்கிய கையோடு ரொட்டியுடன் பேங்க்கில் போய் வரிசையில் நின்றார். "இன்னிக்கே கட்டணும்னு இல்லப்பா" என்று ஷரோன் சொன்னாராம். "நான் தூங்க வேணாமா?" என்று கேட்டாராம் இவர்.

நீங்கள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால் அவர் அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். என் பேச்சைவிட உங்கள் பேச்சுக்குத்தான் அவரிடம் எடை அதிகம், அதில் எனக்குப் பொறாமைகூட உண்டு. அந்த வார்த்தையை மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் மகன் பெயர் இந்த ஊரிலும் தெரியட்டும்.

என்றும் உங்கள் ஆசியை நாடும்,
ரெனே


மரீபா,
நவம்பர் 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மகன் நலம். நான் நலமில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம். டவுன்ஸ்வில்லில் மெரெசேனி சித்தி இறந்த செய்தி உங்களுக்கு வந்திருக்கும். நல்ல மனுஷி. போன கிறிஸ்துமஸுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. அவர் சாவைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஆறு மாதமாக அந்தக் கார்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒவ்வொரு மாதமும் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிடுவார். ஷரோனே, "டிசம்பர்ல லாரிக் கடனுக்கு மனுப் போட்டுடலாம், எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று சொல்லியிருந்தார். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

டல்லியில் வாழைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறானே உங்கள் கொழுந்தன் மகன் இலைசா, அவன் சாவுச் செலவுக்காக வந்தான். ஊர்க்காரர்கள் நாலா பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள், எல்லோருக்கும் மாட்டிறைச்சி வேண்டும், கிழங்கு வேண்டும், பாய் வேண்டும். உங்கள் மகன் கையில் இருந்த பணத்தை எல்லாம் கொடுத்தார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அது உங்கள் வழக்கம், அதைத் தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். பிறகு இலைசா, "அண்ணா, அந்தக் கார்டு இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். இவர் எடுத்துக் கொடுத்துவிட்டார். ரகசிய எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்!

கார்டு நாலு நாளில் நிரம்பிவிட்டது. ஒரு சென்ட் மிச்சமில்லை. நான் கையில் இருந்த கரண்டியைச் சுவரில் எறிந்தேன். லிதியா, இதை வாசிக்க வேண்டாம். சரி, வாசித்துவிடு, எப்படியும் அவர் சொல்லிவிடுவார்.

"ஏன் குடுத்தே?" என்றேன். "கேட்டான்" என்றார். "கேட்டா?" என்றேன். "கேட்டான் ரெனே. சொந்தக்காரன் கெரெகெரேன்னு உரிமையோட கேட்டு வந்து நிக்கிறான். இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்றார். "வாயத் தொறந்து சொல்றது!" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, சர்ச்சுக்குள் செருப்போடு நடந்தவளைப் பார்ப்பது போல இருந்தது.

ஷரோனிடம் போய்ச் சொன்னோம். அவர் முகமும் விழுந்துவிட்டது. "டிசம்பர் நடுவுல கெடு. அதுக்குள்ள முழுசாக் கட்டிட்டா மனுப் போடுறேன். விளிம்பு வரைக்கும் நிறைஞ்ச கார்டோட போட்டா கண்டிப்பா மறுத்துடுவாங்க. மறுத்ததும் அதுலயே பதிவாகும். அப்புறம் இந்த வருஷத்த மறந்துடுங்க" என்றார். வருஷத்தை மறந்தால் லாரியையும் மறக்க வேண்டியதுதான். ஆதர்ட்டனிலிருந்து ஒருவர் ரொக்கத்தோடு கொலின் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இந்த முறை மழையும் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. சேற்றில் கம்பம் நிற்காது, வேலை இல்லை, கூலியும் இல்லை.

என்னிடம் பணம் இருக்கிறது. "நான் கட்டிடறேன், விடு" என்றேன். வேண்டாம் என்றார். "நீ கட்டினா அது உன் பேரு. அதுல என் பேரு எங்க இருக்கு?" என்றார். இதைத்தானே மே மாதத்திலிருந்து நானே அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது காலையில் நாலு மணிக்கே எழுந்து வாழைத்தார் சுமக்கப் போகிறார், அதே இலைசாவோடு, அதே தோட்டத்துக்கு. வார இறுதியில்தான் வீட்டுக்கு வருகிறார். தோள் தோலுரிந்து போயிருக்கிறது. அப்படிச் சுமந்தாலும் கெடுவுக்குள் பாதிதான் தேறும்.

நான் பணம் கேட்டு எழுதவில்லை, அத்தை. சத்தியமாக இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் இல்லை என்று சொன்னால் அவன் கெட்ட மகனாகிவிட மாட்டான் என்று நீங்கள் எழுதுங்கள். நான் சொன்னால் அது வெள்ளைக்காரப் பேச்சாகத்தான் அவர் காதில் விழுகிறது. இலைசாவைத் திட்ட வேண்டாம். அவனும் சின்னப் பையன், சாவு வீட்டில் பெரியவர்கள் சொன்னதைச் செய்திருக்கிறான். நீங்கள் எச்சரித்ததுபோல ஆயிற்று என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கோபம் என் மேலேயே இருக்கட்டும், அவர் மேல் வேண்டாம்.

வருத்தத்துடன், ஆனாலும் அன்புடன்,
ரெனே


மரீபா,
டிசம்பர் 28

என் அன்பான அத்தைக்கு,

எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. முதலில் உங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு செய்துவிட்டு ஒரு வரி எழுதக் கூடாதா?

டிசம்பர் முதல் சனிக்கிழமை மதியம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொரு வேன். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இலைசா முதலில் இறங்கினான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, ஒரு வேர்க்கட்டை முன்னால் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டான். அவன் பின்னால் மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். கெய்ன்ஸிலிருந்து, டல்லியிலிருந்து, மெரெசேனி சித்தியின் மகள் டவுன்ஸ்வில்லிலிருந்து. நான் கையில் ஈரத் துணியோடு நின்றேன். யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

உங்கள் மகன் வெளியே வந்து இலைசா எதிரில் உட்கார்ந்தார். இலைசா மன்னிப்புக் கேட்டான். முறைப்படி, மெதுவாக, கண்ணை நிமிர்த்தாமல். மன்னித்ததற்கு அடையாளமாக இவர் வேரைத் தொட்டு எடுத்துக்கொண்டார், எல்லோரும் கை தட்டினார்கள், அதோடு முடிந்தது. பிறகு இலைசா பணம் நிறைந்த ஒரு பிஸ்கட் டின்னை என் பக்கம் தள்ளினான். "அண்ணி, பெரியம்மா கேட்டாங்க" என்றான். "எந்தப் பெரியம்மா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க? உங்க மாமியார்தான். சிக்னல் கிடைக்கிற பள்ளிக்கூடத்து மேட்டுல நின்னு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டிருக்காங்க" என்றான்.

அத்தை, அந்த மேடு எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வந்தபோது நானே மூச்சிரைக்க ஏறினேன். அந்த முழங்காலோடு நீங்கள் ஏறினீர்களா? போன் என்றாலே காதில் எறும்பு ஊர்கிறது என்பீர்களே! மெரெசேனி சித்தியின் மகள் நீங்கள் பேசியதை அப்படியே நடித்துக் காட்டினாள். "நான் யாருகிட்டயும் எதுவும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். என் மகன் பேருல ஒரு கடன் இருக்கு. அது அவன் மட்டும் தின்னது இல்ல, நீங்க எல்லாரும் தின்னது. கெரெகெரே." அவ்வளவுதான் சொன்னீர்களாம். அடுத்த வார்த்தைக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டீர்களாம். கடன் என்ற சொல்லையே வீட்டில் சொல்லக் கூடாது என்றவர் நீங்கள். நான் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

அதே சாயங்காலம் இன்னொன்றும் நடந்தது. அதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். யங்கோனா இரண்டு சுற்று போன பிறகு கெய்ன்ஸ்காரர் ஒருவர், "செவ், கிறிஸ்துமஸ் வருது, கார்டு மறுபடியும் காலியாத்தானே இருக்கும்?" என்றார். பாதி கேலி, பாதி உண்மை. எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் மகன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மாமா, என் சட்டையக் கேளுங்க, தரேன். என் முதுகக் கேளுங்க, வந்து உங்க வீட்டுக்கு வேலி போட்டுத் தரேன். அந்தக் கார்டு என் பேரு. பேர மட்டும் கேக்காதீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்த மாமா, "சரி, வேலி எப்ப போட வர்ற?" என்றார். வெடித்துச் சிரித்தார்கள். இல்லை என்ற சொல் இல்லாமலேயே இல்லை என்று சொல்லிவிட்டார், பார்த்தீர்களா? நீங்கள் இதைச் சொல்லிக் கொடுத்து எழுதினீர்களா என்று கேட்டேன். அம்மாவிடமிருந்து கடிதமே வரவில்லை என்றார். அப்படியானால் அது அவருடைய சொந்தச் சரக்குதான்.

திங்கட்கிழமை அந்த டின்னையும், வாழைத்தார் சுமந்த கூலியையும் எடுத்துக்கொண்டு பேங்க்குக்குப் போனோம். பாதிக்கு மேல் சில்லறை. ஷரோன் எண்ணி முடித்துக் கட்டியபோது கார்டில் வேண்டியதற்கு மேல் நூற்றுச் சொச்சம் டாலர் அதிகம். "இதப் பாருங்க, இப்ப பேங்க்குதான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கு" என்றார் ஷரோன். உங்கள் மகன் உடனே, "சீக்கிரம் கட்டச் சொல்லுங்க, பதிவுல ஏறிடப் போகுது" என்றார். கவுன்ட்டர் முழுக்கச் சிரிப்பு. மிச்சப் பணத்தைத் திருப்பி வாங்கி டவுன்ஸ்வில்லில் சித்தியின் மகளுக்கு அனுப்பிவிட்டார், கல்லறைக்குக் கல் வைக்க.

லாரிக் கடன் மனுவுக்கு நான் உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் எதிரே மாமரத்தடியில் காரில் உட்கார்ந்திருந்தேன். நகம் எல்லாம் போய்விட்டது. வெளியே வந்தவர் நேராகக் காருக்கு வராமல் ரொட்டிக் கடைக்குள் போனார். இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம் இரண்டு வாங்கி ஒன்றை அங்கேயே நின்று தின்றார். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகுதான் சொன்னார். ஷரோன் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாராம். முன்பு வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது மாதா மாதம் அவர் கட்டியது வரிசையாக இருந்ததாம். "கொஞ்சம்தான் இருக்கு. ஆனா எல்லாம் நல்லதா இருக்கு. இப்ப இதுக்கு உங்களத் தெரியும்" என்றாராம்.

லாரி இப்போது வீட்டு முன்னால் நிற்கிறது. தாளில் ஒரே ஒரு பெயர், அது உங்கள் மகனுடையது. டேரன் நேற்று வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், டயரை உதைத்தான், கதவைத் திறந்து மூடினான். கடைசியில், "என் கரும்புத் தோட்டத்துப் பக்கம் பன்றி புகுந்துடுது. எப்ப வர்றீங்க மொதலாளி?" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. உங்கள் மகன், "மழை நிக்கட்டும் மச்சான், வரிசைல உங்களுக்கு முன்னாடி ஒரு மாமா இருக்காரு" என்றார். என் கணவரைப் பற்றி எனக்கு எப்போதும் பெருமைதான். ஆனால் அன்று என் அண்ணன் முன்னால் நின்றுகொண்டு பட்ட பெருமை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

இப்போது நீங்கள் கேட்காமல் விட்டதற்கு வருகிறேன். லாரிக் கடன் ஐந்து வருடத்துக்கு. அதுவரை அவர் இங்கேதான் இருக்க வேண்டும். இலைசாவிடமும் மற்றவர்களிடமும் கேட்கும்போதே இது உங்களுக்குத் தெரியும் என்று லிதியா போனில் சொன்னாள். மேட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டீர்கள் என்றும், முழங்கால் வலிக்காக இல்லை என்றும் சொன்னாள். அவரை இங்கே இருக்க வைக்கத் தெரிந்தே நீங்கள் உதவியிருக்கிறீர்கள். இதற்கு நன்றி என்று எழுதினால் அது போதாது என்பது எனக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை.

மூன்று வருடமாக உங்களை இங்கே வரச் சொல்லிக் கூப்பிடுகிறோம். கடல் தாண்ட மாட்டேன், மாமாவின் கல்லறையை விட்டு வர மாட்டேன் என்கிறீர்கள். நானும் அழைத்தேனே தவிர, உங்கள் முறைப்படி இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஜூன் மாதம் வாருங்கள். இங்கே அப்போது மழை இருக்காது, வேலி வேலையும் ஓயாமல் நடக்கும், வீட்டில் என்னோடு இருக்க ஒருவர் வேண்டும். வரும்போது ஒரு பாய் பின்னிக் கொண்டுவாருங்கள். பெரியவர்கள் படுக்கும் பாய் வேண்டாம், எங்களுக்கு இருக்கிறது. சின்னதாக, மிகச் சின்னதாக, என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இரண்டு பங்கு நீளம் இருந்தால் போதும். அவருக்கே நேற்றுத்தான் சொன்னேன். மூன்று முறை சாப்பிட்டார்.

லிதியா, இதை இரண்டு தரம் வாசித்துக் காட்டு. அத்தை, நான் உங்கள் சொந்தக்காரிதானே. கெரெகெரே.

உங்கள் மருமகள்,
ரெனே